முழங்காலுக்கு மேல்

"திறக்காதீங்கன்னா திறக்காதீங்க!"

"கையை எடு பிரேமா. இந்த ஒரு படத்தையாவது..."

"ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றீங்க!"

"...வேற இடத்துல ஏத்தி வெச்சுடறேன். கார்டு மொத்தமா போயிடும்டி."

கேமராவின் மெமரி கார்டு கெட்டு, வளைகாப்புப் படங்களெல்லாம் அழிந்துவிட்டன. மகள் சுகந்தி தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அதிலும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும், சுவரில் ஈரம் ஏறுவதுபோல அடியிலிருந்து சாம்பல் நிறம் ஏறிக்கொண்டே வந்தது.

"நேத்து படத்துல பாதம் மறைஞ்சுது. உடனே சுகந்தி பாதம் மரத்துப்போச்சுன்னு சொன்னா. காலையில முழங்கால் வரைக்கும் மறைஞ்சுது. இப்போ எழுந்து நிக்க முடியலைங்கறா."

"மாசமா இருக்கிற பொண்ணுக்குக் கால் மரத்துப்போகத்தான் செய்யும். டாக்டரே சொல்லலையா?"

"அப்போ படத்துல மறையற இடமே ஏன் மரத்துப்போகுது?"

குமரேசன் அவள் கையை விலக்கிவிட்டுப் படத்தைத் திறந்தார். சாம்பல் இந்த முறை முழங்காலில் நிற்கவில்லை. மடியைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, வளையல் அடுக்கிய இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு தோள் வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேலே சுகந்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரேமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறையில் சுகந்தியின் கைவளையல்கள் குலுங்கின. கூடவே தூக்கம் கலையாத குரலும் வந்தது.

"அம்மா, நான் தூங்கும்போது என் வளையலையெல்லாம் யாரும்மா கழட்டினது?"