ஒழுகாத மூலை

"ஏய், எந்திரி! வண்டிய உள்ள ஏத்தணும். அங்கிட்டுப் போயி நில்லு."

'அங்கிட்டு' என்று செந்தில்வேல் கை காட்டிய இடத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஆலந்தலை தாண்டி இருந்த அந்தப் பஸ் ஸ்டாப்பின் கூரை எல்லாப் பக்கமும் ஒழுகியது. ஒழுகாமல் இருந்தது ஒரே ஒரு மூலைதான். அதில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, சடை பிடித்த தலையோடு ஒருவன் குந்தியிருந்தான்.

செந்தில்வேலுக்கு ஏற்கெனவே எரிச்சல். நனையக் கூடாது என்று தூத்துக்குடியில் அவன் செய்யாத ஏற்பாடு இல்லை. புது ரெயின்கோட், காலுக்குப் பாலித்தீன் பை, பை நழுவாமல் இருக்க ரப்பர் பேண்ட், செல்போனுக்குப் பால் கவர். திருச்செந்தூர் வருவதற்குள்ளேயே கழுத்து வழியாக இறங்கிய தண்ணீர் பனியனை நனைத்துவிட்டது. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி இசக்கிசெல்விக்கு ரெயின்கோட்டே கிடையாது. "முன்னால நான்தான இருக்கேன், ஒனக்கு எதுக்குளா?" என்று சொல்லிவிட்டான். அவள் தொப்பலாக நின்றாள்.

சாக்குக்காரன் எழுந்து மழைக்குள் காலை வைத்தான்.

இசக்கிசெல்வி புருஷனின் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஏங்க, இது தசரா நேரம். குலசைக்குப் போற ரோடு வேற. வேஷம் போட்ட சாமியா இருந்தா?"

செந்தில்வேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தசராவுக்குக் காளி, போலீஸ், குரங்கு என்று வேஷம் போடுவார்கள். பிச்சைக்கார வேஷமும் உண்டு. பெரிய பெரிய முதலாளிகள்கூடக் கந்தலைக் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கையேந்துவார்கள்.

போன தசராவுக்கு அப்படி ஒருவர் செந்தில்வேலின் பாத்திரக் கடைக்கு வந்தார். இவன், "வேற கடை பாரு" என்று விரட்டிவிட்டான். அவர் மதுரையில் நகைக்கடை வைத்திருப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரமே இவன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அம்மன் கொடுத்த அடி என்று இசக்கிசெல்வி அடித்துச் சொன்னாள். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இப்போது கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிற வழியிலேயே மறுபடியுமா?

"சாமி, சாமி! உள்ள வாங்க. நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்!"

அந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தயங்கித் தயங்கி வந்து அதே மூலையில் உட்கார்ந்தான். பைக் வெளியே நனைந்தது.

"என்னளா இப்படி நாறுது? வேஷத்துக்கு நாத்தமுமா பூசுவாக?" என்று செந்தில்வேல் கிசுகிசுத்தான்.

"விரதம்னா அப்படித்தான் இருக்கும். கையப் பாருங்க, காப்பு கட்டியிருக்காக."

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கத்தான் செய்தது. ஆனால் குதிகாலில் இருந்த வெடிப்பு, கல்லாவில் உட்காருகிறவனுக்கு வருகிற வெடிப்பாக இல்லை. செந்தில்வேலுக்குத் தலை சுற்றியது. நைசாக விசாரித்துப் பார்த்தான்.

"சாமிக்கு எந்த ஊரு?"

"எந்த ஊருன்னு சொல்ல? எல்லா ஊரும்தான்."

"கேட்டியளா? அம்மன் வாக்கு!" இசக்கிசெல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டாச்சா சாமி?"

"நேத்து சாப்பிட்டது."

"ஒருபொழுது விரதம்ங்க" என்றாள் அவள், காதோரமாக.

"வீடு, சொத்து எல்லாம்…?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

இதைக் கேட்டதும் செந்தில்வேலுக்கு முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. வருமான வரிக்காரர்கள் கேட்டால் அவனும் இதைத்தான் சொல்வான்.

இசக்கிசெல்வி வழிக்கென்று கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அந்த ஆள் வாங்கிய வேகத்தையும் விழுங்கிய வேகத்தையும் பார்த்ததும் செந்தில்வேலுக்கு மறுபடி சந்தேகம். சாமியா, ஆசாமியா? சாமி இல்லையென்றால் கொடுத்தது தண்டம். சாமியாக இருந்து கொடுக்காமல் விட்டால் இன்னொரு கால் இருக்கிறதே!

காற்று திரும்பியது. சாரல் அந்த மூலைக்குள்ளும் அடித்தது. அந்த ஆள் நடுங்கினான்.

செந்தில்வேல் துணிந்துவிட்டான். ரெயின்கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்தி, கழுத்துப் பட்டனைத் தானே மாட்டினான்.

"எனக்கா?"

"ஒங்களுக்குத்தான் சாமி. வச்சுக்கிடுங்க. எங்கள ஆசீர்வாதம் பண்ணுங்க."

இருவரும் சேர்ந்து காலில் விழுந்தார்கள். அந்த ஆள் பதறிப்போய் எழுந்தான். பிறகு, கையை அவர்கள் தலையில் வைத்தான்.

"நல்லா இருப்பீய."

இசக்கிசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தில்வேலுக்கோ ஒரு வருஷத்துப் பயம் அந்த நிமிஷத்தில் இறங்கிப் போனது போல இருந்தது. மனசு லேசானதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமி, வருஷா வருஷம் பிச்சைக்கார வேஷம்தான் போடுவீயளா?"

"வேஷமா? எனக்கு எப்பவுமே இதுதான் அண்ணாச்சி" என்று அந்த ஆள் ரெயின்கோட்டைத் தடவிப் பார்த்தபடி சொன்னான். "ஆனா தசரா நேரத்துல மட்டுந்தான், மழை பெஞ்சா என்னைய உள்ள வந்து உக்காரச் சொல்லுதாக."