வேறு கை

தேவசகாயத்துக்கு அந்தப் பெட்டியின் மேல் சந்தேகம் வந்து மூன்று மாதமாகிறது. கிரிக்கெட் வீரர் அட்டைகள் பன்னிரண்டு உறைகளில் வரும், அவர் மாதாமாதம் வாங்கும் பெட்டி அது. கிழிக்கும் விரல் யாருடையது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உறைக்குள் இருக்கும் அட்டையில் படமே பதியும். அவர் கிழித்தால் மட்டும், ஆடாமலே ஓய்வு பெற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். பல வருஷமாகத் தங்க விளிம்பு வைத்த அட்டை ஒன்றுகூட இல்லை.

"என் கைய இது அடையாளம் பிடிச்சு வச்சிருக்கு. என்ன குடுத்தாலும் இவன் வாங்குவான்னு தெரிஞ்சுபோச்சு" என்று முணுமுணுத்தவருக்கு ஒரு யோசனை வந்தது. வேறு கை வேண்டும்.

"ஏட்டி ஜெபக்கனி, இதக் கொஞ்சம் கிழி."

அவர் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக அந்த அட்டைகளைக் கரித்துக்கொட்டுகிறவள். கையைச் சேலையில் துடைத்தபடி வந்து வேண்டாவெறுப்பாகக் கிழித்தாள்.

தங்க விளிம்பு பளிச்சென்றது. நடுவில் மட்டையை உயர்த்தி நிற்கும் கேப்டன்.

"நெனச்சேன் பாத்துக்க!" என்று துள்ளியவர், அட்டையை வாங்கி உற்றுப் பார்த்ததும் அடங்கிப்போனார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் கிழித்த முதல் உறையிலும் இதே படம்தான் வந்தது. அன்றைக்குப் பிடித்த ஆசைதான் இன்றுவரை அவரைப் பெட்டி பெட்டியாக வாங்க வைக்கிறது.

"போதும்ட்டி. போய் மீனப் பாரு" என்று பெட்டியை மூடப் போனார்.

ஜெபக்கனி அவர் கையைத் தட்டிவிட்டாள். "இருங்க. இன்னொண்ணு கிழிச்சுப் பாக்கேன்."

அடுப்படியில் பூனை மீனை இழுத்துக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.