துண்டு விரித்த நாற்காலி

கேலரியில் கிளீட்டஸுக்குப் பக்கத்து நாற்காலியில் எப்போதும் கால்பந்து கிளப்பின் மஞ்சள் துண்டு விரித்திருக்கும். அவர் மனைவி ஸ்டெல்லா இறந்த பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. கூட்டம் நெரியும் நாளில்கூட இடமில்லாதவர்கள் நின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள்.

அன்று கிளப் மேனேஜர் அவரருகே வந்து குனிந்தார். “அண்ணே, இன்னிக்கு மேட்ச் டிவியில வருது. டிவிக்காரங்க தர்ற தொகையை வச்சுத்தான் கிளப்புக்கே விலை பேசறாங்க. கிளப்பை வாங்க வந்தவங்க உள்ள உட்கார்ந்து டிவியில பார்த்துட்டிருக்காங்க. ஒரு சீட்டும் காலியாத் தெரியக் கூடாது.”

“காலி இல்லையே தம்பி. ஆள் இருக்குல்ல.”

மேனேஜர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எதிர்ப் பக்கம் கேமராவுக்குக் கீழ இருக்கு, டிவியில வராது. நீங்களும் அக்காவும் அங்க போய் உட்காருங்கண்ணே.”

கிளீட்டஸ் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார். அந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் கேமராவுக்கு எதிரே கொண்டுபோய் ஏற்கெனவே உட்காரவைத்திருந்தார்கள். மேலே வரைக்கும் ஒரே மாதிரி நாற்காலிகள், அத்தனையும் காலி. ஆட்டம் தொடங்க விசில் ஊதினார்கள். துண்டை எதில் விரிப்பதென்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.