இஸ் நின்ற இடம்

கரும்பலகையில் இரண்டே வரிகள். மேலே ‘ஜிம்மி ரன்ஸ்’, அதாவது ஜிம்மி ஓடுகிறது. கீழே ‘ஜிம்மி இஸ் அலைவ்’, ஜிம்மி உயிரோடு இருக்கிறது. மேல் வரி ஜிம்மி நாளெல்லாம் ஓடி விளையாடுவதைப் பார்த்துக் கீழ் வரி ஜிம்மிக்கு வயிறு எரிந்தது.

“அந்த ரன்ஸ் என்னமா வேலை செய்யுது! நீ சும்மா நடுவுல நிக்கிறியே,” என்று இஸ்ஸைப் பார்த்துக் குரைத்தது.

“எனக்கு ஓடல்லாம் தெரியாதுங்க. உங்களையும் அலைவையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்.”

ஜிம்மி டஸ்டரைக் கூப்பிட்டது. “அண்ணே, இந்தத் தண்டச்சோத்தைத் துடைச்சு விடுங்க.”

இஸ் கெஞ்சியது. “வேண்டாங்க, நான் போயிட்டா உங்க கதி…”

“தமிழ்ல ‘இது நாய்’னாலே போதும், நடுவுல எவன் நிக்கிறான்?” என்றபடி டஸ்டர் ஒரே இழுப்பாக இழுத்தது.

இஸ் தூளாக உதிர்ந்தது. ஜிம்மிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. வெற்றிடத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அலைவ், கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது சாக்பீஸ் வந்தது. “இங்க ஏதோ இருந்துச்சே. இஸ்ஸா, வாஸா?”

“இஸ்! இஸ்!” என்று ஜிம்மி அலறப் பார்த்தது. குரல் எழும்பவில்லை.

“இருக்குதோ, இருந்துச்சோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்,” என்று சாக்பீஸ் எழுதத் தொடங்கியது.

இஸ்ஸின் முதல் எழுத்து நேராக இறங்கும், வாஸின் முதல் எழுத்து சாய்ந்து இறங்கும் என்று ஜிம்மிக்குத் தெரியும். கண்ணை இமைக்காமல் பார்த்தது.

கோடு சாய்ந்தது.