இருபது அடி

வீட்டிலிருந்தே படிக்கும் வகுப்பில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் பாடம் தானாக நின்றுவிடும். கண்ணுக்கு ஓய்வாக, இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது நொடி பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் திரைக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு ஆப்சென்ட்.

மோனிஷாவின் வீடு வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மொத்த நீளமே பன்னிரண்டு அடிதான். முதல் வாரத்தில் நான்கு நாள் ஆப்சென்ட். இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"ஜன்னலாண்ட குந்திக்கினு படி," என்றாள் அம்மா குமுதா. "எதிர் பிளாக்கு தூரமாத்தானே கீது?"

எதிர் பிளாக் ஜன்னலில் ஒரு பெண் இருந்தாள். இவள் வயதுதான். அவளும் அதே நொடியில் திரையிலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்கும் பார்க்க வேறொன்றும் இல்லை. வாயைத் திறந்தால் நொடிகள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால் இருவரும் பேசவில்லை. இப்படி ஒரு நாளைக்குப் பதினைந்து முறை, பத்து மாதம்.

ஆண்டுத் தேர்வை மட்டும் பள்ளிக்கே போய் எழுத வேண்டும். வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பி, "ஸ்கேல் இருக்கா?" என்று கேட்டாள். மோனிஷா கொடுத்தாள். அந்தப் பெண் வராந்தாவின் கோடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மோனிஷாவுக்கு யாரென்று தெரிந்தது. கையை ஆட்டினாள்.

அவள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதிர் ஜன்னல்தானே நீ? என் பேரு தஸ்லிமா."

மோனிஷா அவள் முகத்தையே பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் அது மறுபடியும் யாரோ ஒருத்தியின் முகமாகிவிட்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லேன்," என்றாள்.