பதுளை லொறியின் மூக்கு

அல்பேட் லொறியின் கபின்மேல் குந்தியிருந்து தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். எழும்பினேன். மறுபடியும் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட மனிதன் கொஞ்சம் கண்ணயர வேண்டாமா?

சில நாட்களாகவே இந்தக் கூத்துத்தான். ஒவ்வோர் அடியும் என் நெஞ்சில் விழுந்தது. சத்தம் நின்றால் அதைவிட மோசம். என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

அவன் கட்டிக்கொண்டிருந்தது ஒரு மூக்கு. லொறிக்கு மூக்கு.

கபினுக்கு மேலே சாமான் பெட்டியின் முன்பலகை நிமிர்ந்து நிற்கிறதல்லவா, காற்று அதில்தான் வந்து முட்டுகிறதாம். முட்டினால் லொறி இழுபடுமாம், டீசல் குடிக்குமாம். எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி நிமிர்த்தி, தோணிக்கு விலா வைப்பதுபோல் உள்ளே கட்டைகளை வளைத்து, சரிவாக ஒரு தகர மூக்கை வைத்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு மேலால் போய்விடுமாம்.

டீசல் விற்கிற விலைக்கு ஊர் அதை நம்பியது. காத்தான்குடியிலிருந்து கருவாடு ஏற்ற வந்த முனாப் மட்டும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான், பதுளைக்குப் போறியா, மக்கத்துக்குப் பறக்கப் போறியா?"

அல்பேட்டும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுளை மலையில் இந்தக் கிழட்டு லொறி ஏறுகிற வேகம் எனக்குத் தெரியும். றோட்டோரம் மேய்கிற மாடு நினைத்தால் முந்திக்கொண்டு போகும். அந்த வேகத்துக்கு எந்தக் காற்று மெனக்கெட்டு வந்து முட்டப்போகிறது?

ஆனால் என்னிடம்தான் அவன் மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாக விளக்கினான். நான் கேட்காமலேயே வேலிவரைக்கும் வந்தான். பீடியைப் பற்றவைத்து, உள்ளங்கையை நிமிர்த்திப் புகையை முட்டவைத்தான். பிறகு கையைச் சரித்து, புகை வழுக்கிப் போவதைக் காட்டினான். கச்சான் காற்று இரண்டையும் ஒன்றாகவே அள்ளிக்கொண்டு போனது. நான் தலையாட்டினேன்.

அவன் மனைவி அஞ்சலா பின்னேரங்களில் வேலிக்கு மேலால் எனக்குத் தேநீர் நீட்டினாள். சீனியைக் கண்ணால் காணாத காலத்தில் சீனி போட்ட தேநீர். குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

காற்றைத் திருப்ப ஒரு தகடு போதும். அவன் பின்பக்கத்தையும் அடைத்தான், அடியையும் அடைத்தான். தோணிக்குப் பூசுவதுபோல் உள்ளே பொருத்துகளுக்கெல்லாம் தார் பூசினான்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே அரிசி போகப்போகிறது.

மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. கையில் கொஞ்சம் கொண்டுபோனால் விட்டுவிடுவார்கள். அதற்குமேல் பிடிபட்டால் அரிசியும் போகும், லொறியும் போகும், ஆளும் மறியலுக்கு, கம்பிக்குள்ளே போவான். அந்த லொறியைத் தவிர அல்பேட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

இங்கே கொக்கட்டிச்சோலை வயல் வட்டைகளில் நெல் விளைந்து கிடக்கிறது. அங்கே பதுளைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை செசீலியா பிள்ளைகளுக்குக் கீரையை அவித்துக் கொடுக்கிறாள்.

போன முறை கருவாடு இறக்கப் போனவன் அவளைப் பார்த்துவிட்டு வந்து, இந்த வேலியைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். சின்னவள் எழும்பி நிற்கத் தெம்பில்லாமல் சுவரோடு சாய்ந்து கிடந்தாளாம். மாமன் வந்திருக்கிறான் என்று சொல்லியும் தலையைத் திருப்பவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்தான். சட்டென்று வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பீப்பா வெட்டத் தொடங்கினான்.

அவன் இதை முடிக்கவே கூடாது என்று ஒரு நேரம் வேண்டிக்கொள்வேன். இன்னொரு நேரம், முடித்தால் வடிவாக முடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். கடவுளுக்கே என்னால் தலை சுற்றியிருக்கும்.

இப்போது அடி நின்றிருந்தது. நேரம் போயும் சத்தமே இல்லை. பொறுக்கமாட்டாமல் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அவன் வளவுக்குப் போனேன்.

மூக்கு பொருந்திவிட்டது. கபினுக்கு ஏற்றாற்போல் நீல வர்ணமும் பூசியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

படியில் கால் வைத்து ஏறி, விரலை மடக்கி முட்டியால் அதைத் தட்டினேன்.

வெறும் பீப்பாத் தகரம் கணீரென்று கேட்கவேண்டும். இது நிறைந்த மூட்டையைத் தட்டினதுபோல் தொம்மென்றது.

அல்பேட்டின் கையில் குறடு அப்படியே நின்றது. குசினி வாசலில் நின்ற அஞ்சலா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள், எனக்கு முன்னாலேயே.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு யோசித்துச் செய்தவன் இதை யோசிக்காமல் விட்டானே! றோட்டுத் தடையில் லொறிகளை மறித்து நிற்கிறவர்கள் தட்டித்தானே பார்ப்பார்கள்? அது யாருக்குத் தெரியாது?

தலையைத் திருப்பாத அந்தக் குழந்தையை நினைத்தேன். என் வீட்டில் இருக்கிறவர்களையும் நினைத்தேன். யாரை முதலில் நினைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

கீழே இறங்கினேன். அல்பேட் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோளில் கையை வைத்தேன்.

"நாளைக்கு வெள்ளன வெளிக்கிடு மச்சான். ஒம்பது மணி வரைக்கும் தடையில நிக்கிறது நான்தான்."