வீங்கினால் நல்லது

"வீங்கியிருந்தா நல்லதா, கெட்டதா? இன்னொரு தடவை சொல்லிடுங்க டாக்டர்."

"நல்லது. பூஞ்சையை உங்க உடம்பு அடையாளம் கண்டு சண்டை போடுதுன்னு அர்த்தம். வீங்காம சும்மா கிடந்தா எதிர்ப்பு சக்தி தூங்குதுன்னு அர்த்தம். அப்ப படர்தாமரை போற மாதிரி போயிட்டு மறுபடியும் வரும்."

பேக்கரிக்காரருக்கு அடுப்புக்கு முன்னால்கூட இப்படி வியர்த்ததில்லை. முந்தாநாள் டெஸ்டுக்காக ஊசி போட்ட கையை இன்னும் பார்க்கவே இல்லை. பயம்.

மாத்திரை சாப்பிட்டால் நெஞ்சிலிருக்கும் படர்தாமரை மறையும். நிறுத்தினால் சொல்லிவைத்தாற்போல் திரும்பிவிடும். வீட்டில் அவருக்குத் தனித் துண்டு, தனி பக்கெட், தனிப் படுக்கை. தவழ ஆரம்பித்துவிட்ட மகளை இன்னும் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. "டெஸ்ட் நல்லபடியா வரட்டும், தர்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள் மனைவி. இப்போதும் குழந்தையைத் தடித்த துணியில் சுற்றிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அவர் சட்டைக் கையை மேலே ஏற்றினார். சிவந்து, கெட்டியாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு வீங்கியிருந்தது.

"பிரமாதம்! உங்க எதிர்ப்பு சக்தி நல்லா முழிச்சிட்டிருக்கு."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? இப்பவாவது குடு!" என்றார் மனைவியிடம். பிறகுதான் உறைத்தது. "அப்படின்னா ஏன் டாக்டர் திரும்பத் திரும்ப வருது?"

"அதான் எனக்கும் புரியலை. ஒப்பிட்டுப் பார்க்க உங்க வீட்டம்மாவுக்கும் போட்டோமே, அதையும் பார்த்துடலாம்."

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே." மனைவி கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கும் இப்படித்தான் மறுத்தாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று இவர்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார்.

டாக்டர் விடவில்லை. அவள் கை வழவழவென்று இருந்தது. ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரிந்தது.

"பார்த்தீங்களா, வீக்கமே இல்லை! என்னைவிட..." என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர், வீங்கினால்தான் நல்லது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

"அரிப்பு எங்கேயாவது இருக்காம்மா?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

அவள் எழுந்து வந்து, குழந்தையைக் கணவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இடுப்புல... கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்குங்க. சொன்னா என்னை வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்தேன். அந்தத் தனித் துண்டு, தனி பக்கெட், தனிப் படுக்கை, என் இடுப்புலயே இருக்கிற குழந்தையைத் தராதது எல்லாமே என்கிட்டயிருந்து உங்களுக்கு ஒட்டிடக் கூடாதுன்னு வெச்சதுங்க!"